மக்கள் தொடர்பியலும் முனைவர் பட்டமும்

(ஜெயமங்கலத்தில் கூடிய நம் சங்கத்துக் கல்வி நாள் அவையில், கல்வி நிதிக் குழுவின் உறுப்பினராகிய தமிழாசிரியர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

ஆண்டுதோறும் இவ்வவையில் தமிழாசிரியர் என்னும் முறையில் யாம் இலக்கியச் சுவை பற்றியே பேசி வந்தோம். இவ்வாண்டும் அதனையே எதிர்நோக்கி வந்திருப்பீர்கள். ஆயினும் இன்று நம் கல்வி நிதிக்கு வந்த ஒரு விண்ணப்பத்தையும், அதன்மேல் யாம் இட்ட ஒரு கையொப்பத்தையும் பற்றிப் பேச எழுந்தோம். அக்கையொப்பம் பிழையானது. அப்பிழையை மறைத்துவைத்துக்கொண்டு உங்கள் முன் நின்று கல்வியின் பெருமையைப் பேசுதல் எமக்கு இயலாதாயிற்று. ஆதலின் பொறுத்துக் கேட்டருள வேண்டுகின்றோம்.

சென்ற ஆண்டில் நம் குலத்து வாலிபர் ஒருவர், இவ்வூரினர், நிதிக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தார். அவர் இதழியலில் முதுகலை தேறியவர்; வெளியூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பணியில் அமர்ந்திருப்பவர்; கல்லூரி ஆசிரியராதல் வேண்டும் என்னும் நல்ல வேட்கை உடையவர். அவர் தம் கைபேசியில் ஒரு விளம்பரம் கண்டார். நுழைவுத் தேர்வு இல்லை. வகுப்புக்குச் செல்ல வேண்டுவதில்லை. வேலையை விட வேண்டுவதில்லை. விரும்பிய நேரத்தில் இணையவழியே பாடம் கேட்கலாம். பதினெட்டுத் திங்களில் மக்கள் தொடர்பியலில் அயல்நாட்டு டாக்டர் பட்டம் கைக்கு வரும் என்பது அவ்விளம்பரம். கட்டணம் 3,60,000 ரூபாய். அதில் 1,00,000 ரூபாயை நம் நிதியினின்று கடனாக வேண்டினார். எஞ்சியதற்கு அவர் தந்தையார் ஆற்றுப் பாசனத்து நஞ்சை அறுபது செண்டை அடகு வைக்க ஒருப்பட்டிருந்தார்.

குழுவினர் மூவர். அம்மூவருள் முதற்கண் கையொப்பம் இட்டவர் யாமே. ஏன் இட்டோம் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். யாம் முதுகலை கற்றது அஞ்சல் வழியே. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ஆம் ஆண்டில் தோன்றி, 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1978-இல் காமராசர் பெயரைப் பூண்டது. பகலெல்லாம் பள்ளியில் உழைத்து இரவில் விளக்கடியில் அமர்ந்த எம்போன்ற ஆசிரியர் பல்லாயிரவர்க்கு அக்கல்வியே ஏணியாயிற்று. தபால்காரர் கொணர்ந்த பாடக் கட்டுகளை யாம் எத்துணை ஆவலோடு பிரித்தோம் என்பதை இன்றும் மறந்திலோம். விடுமுறை நாளில் நேர்முக வகுப்புக்கு விடியற்காலைப் பேருந்தில் ஏறிச் சென்றதும் நினைவில் உள்ளது. அஞ்சல் எம்மை முதுகலைஞர் ஆக்கிற்றெனின், அதனினும் விரைவான இணையம் நம் பிள்ளையை முனைவர் ஆக்காதா என்று எண்ணினோம். அவ்வெண்ணத்திலேதான் பிழை இருந்தது.

பிழையைக் கண்டவர் எம்மைப்போற் பட்டம் பெற்றவர் அல்லர், சங்கத்துப் பொருளாளர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மளிகைக் கடையில் அமர்ந்து, நாற்பதாண்டு கணக்கெழுதிப் பழகிய முதியவர். விண்ணப்பத்தை இருமுறை படிக்கக் கேட்டார். பின்பு எம்மை நோக்கி, "வாத்தியாரய்யா, இந்தப் பட்டத்தைக் காட்டினால் எந்தக் கல்லூரியில் உள்ளே விடுவார்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. அற்றைநாள் மாலையே அறிந்தவரிடம் உசாவினோம். விதிகளை வாங்கிப் படித்தோம். எந்தக் கல்லூரியிலும் அப்பட்டம் செல்லாது என்பது தெளிவாயிற்று. நம் நிதிப்பணம் பிழைத்தது; அறுபது செண்டு நிலமும் பிழைத்தது. ஆனால் குழுவில் ஆசிரியர் கையொப்பம் இட்டுவிட்டார் என்று கேள்வியுற்ற அப்பிள்ளை, அந்நாளே தம் சேமிப்பினின்று 40,000 ரூபாயை முன்பணமாகக் கட்டிவிட்டார். அது திரும்ப வரவில்லை. அந்நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அதனை வைதலால் பயன் இல்லை. யாம் எங்ஙனம் ஏமாந்தோம் என்பதை அறிதலே பயன் தருவது.

அதனை அறிய வேண்டின் மூன்று பொருள்களைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும். மக்கள் தொடர்பியல் என்பது யாது? முனைவர் பட்டம் என்பது யாது? இணையவழிக் கல்வி எதற்கு உதவும், எதற்கு உதவாது?

முதற்கண் மக்கள் தொடர்பியல். நம்மவருட் பலர் இதனை விளம்பரம் என்றே கருதுகின்றனர். மாவட்டந்தோறும் அரசின் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கின்றார். அமைச்சர் வரும்போது பத்திரிகைக்காரர்க்குச் செய்தி தருகின்றார். அவ்வளவே இத்துறை என்பது பொதுக் கருத்து. ஆனால் இஃது ஒரு சாத்திரமாக வளர்ந்து நூறாண்டு கடந்துவிட்டது. அமெரிக்க நாட்டில் 1906-ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்கத் தகராறு நிகழ்ந்தபோது, முதலாளிகள் பக்கம் நின்று பணியாற்றிய ஐவி லீ என்பார் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை விடுத்தார். தம் செய்திகள் மறைவின்றி, உண்மையாக, விரைவாகத் தரப்படும் என்பது அதன் சாரம். 1923-இல் எட்வர்டு பெர்னேஸ் என்பார் பொதுமக்கள் கருத்து உருவாகும் வகையை ஆராய்ந்து நூல் எழுதினார்; நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்குப் பாடமும் நடத்தினார். 1984-இல் கிரூனிக், ஹண்ட் என்னும் இருவர் இத்தொழிலை நான்கு வகையாகப் பகுத்துக் காட்டினர். ஆரவாரம் செய்து கவனத்தை இழுத்தல் ஒன்று; செய்தியை ஒருவழியாகச் சொல்லுதல் ஒன்று; மக்கள் மனத்தை ஆராய்ந்து தம் பக்கம் திருப்புதல் ஒன்று; மக்கள் சொல்வதைக் கேட்டுத் தாமும் திருந்துதல் ஒன்று. இவற்றுள் நான்காவதே மேலானது என்பது அன்னார் முடிபு.

நம் நாட்டில் டாடா நிறுவனத்தார் 1943-இல் பம்பாயில் இதற்கெனத் தனித்துறை அமைத்தனர். 1958-இல் இந்திய மக்கள் தொடர்பாளர் சங்கம் தோன்றிற்று. 1968 ஏப்ரல் 21-ஆம் நாள் புதுதில்லியில் முதல் அகில இந்திய மாநாடு கூடி, இத்தொழிலுக்குரிய ஒழுக்க விதிகளை ஏற்றது. அந்நாளே ஆண்டுதோறும் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

தமிழ் கற்ற எமக்கு ஈண்டு ஒன்று தோன்றுகின்றது. திருவள்ளுவர் அமைச்சியலில் சொல்வன்மையை அறுபத்தைந்தாம் அதிகாரமாக வைத்தார். அதனை அடுத்து வினைத்தூய்மையை அறுபத்தாறாம் அதிகாரமாக வைத்தார். தூது, குறிப்பறிதல், அவையறிதல் ஆகியவை அவற்றின் பின்னரே வருகின்றன. செயல் தூயதாயின் அல்லது சொல் நில்லாது என்பது அவ்வைப்பு முறையால் யாம் உணரும் பொருள். மேல்நாட்டார் நூறாண்டு ஆராய்ந்து கண்ட முடிபும் இதுவே. ஆகவே மக்கள் தொடர்பியல் நம் பிள்ளைகள் கற்கத்தகாத துறை அன்று. கற்கத்தக்கது, ஆழ்ந்து ஆராயவும் தக்கது.

இனி முனைவர் பட்டம். இன்று உலகெங்கும் வழங்கும் ஆய்வுப் பட்ட முறை ஜெர்மனியில் வளர்ந்தது. 1810-இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகம் அதற்கு வழிகாட்டி என்பர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861-இல் இப்பட்டத்தை முதலில் அளித்தது. தொன்மை மிக்க ஆக்ஸ்போர்டு 1917-இல்தான் இதனை ஏற்படுத்தியது. எங்கும் இதன் இலக்கணம் ஒன்றே. முன் அறியப்படாத ஒன்றைத் தாமே ஆராய்ந்து கண்டு, அறிந்தோர் அவையில் நிறுவுதல் வேண்டும்.

யாம் முன்னர்ச் செய்த பிழை இவ்விடத்தே விளங்கும். முதுகலைப் படிப்பு, வெட்டிவைத்த கிணற்றில் நீர் இறைப்பது போன்றது. கிணறு உண்டு; நீர் உண்டு; வாளியும் கயிறும் யார் கொணர்ந்தாலும் இறைக்கலாம். தபால்காரர் கொணர்ந்த பாடக் கட்டு எமக்கு அவ்வாளியாயிற்று. முனைவர் ஆய்வோ புதுக் கிணறு வெட்டுவது. எவ்விடத்தில் வெட்டுவது, எத்துணை ஆழம் செல்வது, பாறை தட்டினால் நிறுத்துவதா உடைப்பதா என்பவற்றை நிலமறிந்த ஒருவர் கரையில் நின்று சொல்ல வேண்டும். "இவ்விடம் நீர் இல்லை, இதனை மூடிவிட்டு வேறிடம் வெட்டு" என்று சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். அவரே நெறியாளர். பணம் வாங்கிக்கொண்டு எல்லாம் நன்று என்று மட்டும் சொல்பவர் நெறியாளர் ஆகார். நுழைவும் இல்லை, மறுப்பும் இல்லை, பதினெட்டுத் திங்களில் பட்டம் உறுதி என்று ஒருவர் கூறுவாராயின், கிணறு வெட்டாமலே நீர்க்குடம் விற்கின்றார் என்பதை யாம் அன்றே உணர்ந்திருத்தல் வேண்டும்.

சட்டமும் இதனைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலை என ஏற்கப்பட்டதும், நாடாளுமன்றச் சட்டம் தனியே அதிகாரம் தந்ததுமே இந்நாட்டில் பட்டம் வழங்கலாம். முனைவர் பட்டத்துக்கென அக்குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குவிதிகள், தொலைநிலை வழியிலோ இணைய வழியிலோ முனைவர் படிப்பை நடத்தலாகாது என்று விலக்குகின்றன. 2009-ஆம் ஆண்டு விதிகளும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் தொலைநிலை முனைவர் படிப்பை முன்பே விலக்கியிருந்தன. 2022 அக்டோபரில் மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூடி ஓர் எச்சரிக்கை விடுத்தன. கல்வி வாணிக நிறுவனங்கள் அயல்நாட்டுக் கல்விநிலையங்களோடு சேர்ந்து விளம்பரம் செய்யும் இணையவழி முனைவர் படிப்புகள் ஏற்கப்படமாட்டா. மாணவர் அவ்விளம்பரங்களில் மயங்க வேண்டா என்பது அது. யாம் கையொப்பம் இடும்போது அவ்வெச்சரிக்கை எவரும் படிக்கத்தக்கதாக வெளியாகியிருந்தது. யாம்தான் படித்திலேம்.

ஈண்டு நடுநிலை பிறழாமல் ஒன்று கூற வேண்டும். தொலைவில் இருந்து கற்றல் தன்னளவில் இழிந்தது அன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே வெளியூர் மாணவர்க்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கத் தொடங்கிற்று. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமும், 1969-இல் தோன்றிய பிரிட்டிஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைவில் உள்ளோரையும் ஆய்வு மாணவராகக் கொண்டு, நெறியாளரை அமர்த்தி, தேர்வாளர் முன் நிறுத்தியே பட்டம் அளிக்கின்றன. அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தருகின்றது. நம் நாட்டிலோ, தொலைநிலைக் கல்விக்கென்றே 1985-இல் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டத்துக்கு நுழைவு, பாடநெறி, நெறியாளர் என்னும் முறையையே கொண்டிருக்கின்றது. நம் பிள்ளை இந்நாட்டில் வேலை தேடுபவர். இந்நாட்டு விதியே அவர்க்கு அளவுகோல்.

ஆனால் இணையம் ஆய்வாளர்க்கு வேண்டாதது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜெயமங்கலத்தில் இருந்துகொண்டு ஆராய நினைப்பவர்க்கு அஃது ஒரு வரப்பிரசாதம். முற்காலத்தில் ஓர் ஆய்வேட்டைப் பார்க்க மதுரைக்கோ சென்னைக்கோ சென்று, நூலகத்தாரின் இசைவு பெற்று, கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். இன்று 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன, காசின்றிப் படிக்கலாம். தாம் எண்ணிய பொருளைப் பிறர் முன்னரே ஆராய்ந்துவிட்டனரா என்பதை ஒரு நாளில் அறியலாம். 2017-இல் மத்திய அரசு தொடங்கிய 'சுவயம்' என்னும் இணையப் பள்ளியில் ஆய்வு முறை, புள்ளியியல், இதழியல் ஆகிய பாடங்கள் கட்டணமின்றிக் கற்கக் கிடைக்கின்றன. சான்று வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தினால் போதும். நெறியாளரோடு கைபேசித் திரையில் முகம் பார்த்து உரையாடலாம். பாடம் கேட்டற்கும், நூல் தேடற்கும், ஐயம் தீர்த்தற்கும் இணையம் உதவும். நெறியாளர்க்கும் தேர்வாளர்க்கும் அது மாற்று ஆகாது. இவ்வெல்லையை அறிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

வேலையை விட முடியாத நம் பிள்ளைகளுக்கு நேர்வழி ஒன்று உண்டா எனின், உண்டு. அதன் பெயர் பகுதிநேர முனைவர் படிப்பு. 2022-ஆம் ஆண்டு விதிகள் அதனை வெளிப்படையாக ஒப்புகின்றன. வேலை பார்ப்போர் தம் மேலிடத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். பகுதிநேரமாகக் கற்க இசைவு உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், பாடநெறியின் பொருட்டு வேண்டுமாயின் பணியினின்று விடுவிப்போம் என்பவை அச்சான்றில் இருத்தல் வேண்டும். முதுகலையில் நூற்றுக்கு 55 மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வசதி மிகுந்த பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளர், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோர்க்கு 5 மதிப்பெண் தளர்வு உண்டு. பாடநெறி குறைந்தது 12 மதிப்பலகு. அரையாண்டுதோறும் ஆய்வு அறிவுரைக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். காலம் குறைந்தது மூன்று ஆண்டு. மிகுந்தது ஆறு ஆண்டு. மறுபதிவின் பேரில் மேலும் இரண்டு ஆண்டு பெறலாம். ஏடு முடிந்தபின் வெளித் தேர்வாளர் குறைந்தது இருவர் பார்த்து, வாய்மொழித் தேர்வும் நடைபெறும். பதினெட்டுத் திங்கள் எங்கே, இது எங்கே என்பதை எண்ணிப் பாருங்கள்.

நெறியாளர் கிடைத்தலும் எளிதன்று. பேராசிரியர் ஒருவர் எட்டு மாணவர்க்கும், இணைப் பேராசிரியர் அறுவர்க்கும், உதவிப் பேராசிரியர் நால்வர்க்கும் மேல் ஒரே காலத்தில் நெறியாளராக இருத்தல் ஆகாது. ஆகவே இடம் குறைவு, காத்திருத்தல் நேரும். நுழைவுக்கு 2024 முதல் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொள்ளலாம் என மானியக் குழு ஏற்பாடு செய்திருக்கின்றது. அம்மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 70 பங்கும், நேர்காணலுக்கு 30 பங்கும் தரப்படும். மக்கள் தொடர்பியல் கற்போர்க்கு உரிய தாள் இதழியல், மக்கள் தொடர்புச் சாதனம் ஆகிய துறைகளைச் சேர்ந்தது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நம் வாலிபர் பட்டத்தை நாடியது கல்லூரி ஆசிரியர் பணியின் பொருட்டு. 2023 ஜூலை முதல், உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்குத் தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ தேறுதலே கட்டாயம். முனைவர் பட்டம் விருப்பத்துக்குரியது என மானியக் குழு விதித்தது. ஆக, அவர் 3,60,000 ரூபாய் கொடுத்து வாங்க இருந்தது செல்லாத காசு. அவர் எண்ணிய வாயிலுக்குத் திறவுகோலோ ஒரு தேர்வு. இதனை எடுத்துச் சொல்ல வேண்டிய ஆசிரியர் யாம் அல்லமோ? யாம் சொல்லவில்லையே!

தாய்மார்களுக்கு ஒரு சொல். நம் குலத்துப் பெண்மக்களுள் முதுகலை தேறியும், மணமானபின் நூலை மூடிவைத்தோர் பலர். முனைவர் ஆய்வில் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றின் பொருட்டு 240 நாள் வரை விடுப்பு உண்டு. கால எல்லையிலும் பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுத் தளர்வு உண்டு. மலைமேல் கொடைக்கானலில் 1984 முதல் பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கின்றது. அருகே பெரியகுளத்தில் 1971 முதல் பெண்கள் கல்லூரி இருக்கின்றது. மருமகள் மேலும் கற்க விரும்பினால் மாமியார்மார் தடை சொல்லாதிருக்க வேண்டுகின்றோம்.

இனி, மக்கள் தொடர்பியலில் இந்தப் பள்ளத்தாக்கில் ஆராய என்ன இருக்கின்றது என்று சிலர் வினவினர். எம் விடை, இவ்வளவு பொருள் வேறெங்கு உண்டு என்பதே. போடிக்கு அப்பால் பொட்டிப்புரத்தை எண்ணுங்கள். நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய, மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை நிறுவ அறிவியலார் எண்ணினர். நீலகிரியில் முன்னர்த் தேர்ந்த சிங்காரா என்னும் இடம் 2009-இல் மறுக்கப்பட்டபின் இவ்விடம் நோக்கி வந்தனர். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. ஊரார் அஞ்சினர், எதிர்ப்புக் கிளம்பிற்று. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் இத்திட்டத்தை எதிர்த்து உரைத்தது.

இத்திட்டம் நன்றா தீதா என்று யாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் ஓர் ஆய்வாளர் கேட்கத்தக்க கேள்விகள் எத்தனை! ஊராரிடம் முதன்முதல் யார், எந்த ஆண்டு, எந்தச் சொல்லால் இதனைக் கூறினர்? 'துகள்' என்ற சொல்லைக் கேட்ட குடியானவர் மனத்தில் யாது எழுந்தது? நீரும் மேய்ச்சலும் குறித்து அவர் எழுப்பிய ஐயத்துக்கு விடை வந்ததா, அவர்க்கு விளங்கும் தமிழில் வந்ததா? எதிர்த்தோர் எவ்வழியாகச் செய்தி பரப்பினர்? மேலே யாம் கூறிய நான்கு வகையுள் எவ்வகை அங்கு நிகழ்ந்தது? இவற்றை அறிய வீடுவீடாகச் சென்று, திண்ணையில் அமர்ந்து, கேட்டு எழுத வேண்டும். இலண்டனில் இருந்து வருபவர்க்கு அது கைகூடாது. இம்மண்ணின் பேச்சறிந்த நம் பிள்ளைக்குக் கைகூடும்.

முல்லைப் பெரியாறு மற்றொன்று. 1895-இல் எழுந்த அவ்வணையின் நீரால் வாழும் கம்பம் பள்ளத்தாக்கில் 2011-இல் மக்கள் திரண்டெழுந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அணை உறுதியானது என்று ஒரு மாநிலமும், அஞ்சத்தக்கது என்று மற்றொரு மாநிலமும் தம்தம் மக்களுக்குச் சொல்லி வந்தன. 2006-இலும் 2014-இலும் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது. ஒரே அணையைப் பற்றி இரு மொழிப் பத்திரிகைகள் எழுதியவற்றை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதே ஒரு முனைவர் ஏட்டுக்குப் போதிய பொருள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றோர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அபாய அறிவிப்பு உரியவர் காதில் விழும் வழி யாது என்பது உயிர்ப்பிரச்சினை ஆகிய ஓர் ஆய்வு. ஏன், வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் விலைச் செய்தி கைபேசி வழியே பரவும் வகையை ஆராய்ந்தாலும் குடியானவர்க்குப் பயன் உண்டு.

அன்பர்களே! இத்துறையின் உயிர் நம்பிக்கை. ஒரு நிறுவனம் சொல்வதை மக்கள் நம்புமாறு நடத்தலும், மக்கள் சொல்வதை அந்நிறுவனம் கேட்குமாறு செய்தலுமே மக்கள் தொடர்பியலாரின் தொழில். அத்தகையவர் தம் பெயர்க்கு முன் பொய்ப்பட்டம் ஒன்றைத் தாங்கி நின்றால், தொழிலின் முதல் விதியையே மீறியவர் ஆவார். அவர் வாய்திறக்கும் முன்னரே அவர் பட்டம் பொய் பேசிவிடும். வேறு துறைகளில் பொய்ப்பட்டம் ஒரு குற்றம் மட்டுமே. இத்துறையிலோ அது கற்ற கல்வியையே மறுப்பதாகும்.

நம் சங்கமும் ஒருவகையில் மக்கள் தொடர்பு நிலையமே. நம் இனத்தார் நூறு ரூபாயும் ஐந்நூறு ரூபாயுமாக நிதிக்குத் தருவது, குழுவினர் ஆராய்ந்தே கொடுப்பர் என்னும் நம்பிக்கையால். யாம் ஆராயாமல் கையொப்பம் இட்டது அந்நம்பிக்கைக்குச் செய்த குறை. நம் பிள்ளைகளுள் ஒருவர் 'டாக்டர்' எனப்பட வேண்டும், அவர் பெயர் நம் மாத வெளியீட்டின் முகப்பில் வர வேண்டும் என்னும் ஆசை எம் கண்ணை மறைத்தது. பெயருக்கு முன் நிற்கும் எழுத்தை நாம் பெரிதாக மதிப்பதால்தான் அவ்வெழுத்தை விற்போர் நம்மிடம் வருகின்றனர். இக்குறை எமக்கு மட்டும் உரியதா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டுகின்றோம்.

ஆகவே இவ்வவையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, முனைவர் படிப்புக்கு உதவி வேண்டி வரும் விண்ணப்பத்தோடு, பல்கலைக்கழகம் தந்த பதிவுக் கடிதத்தின் நகலும் நெறியாளரின் ஒப்புதலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, அப்பல்கலைக்கழகத்தின் பெயர் மானியக் குழுவின் பட்டியலில் உண்டா என்பதைக் குழுவினர் தாமே பார்த்தல் வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழு வெளியிடுகின்றது. மூன்றாவது, நேர்வழியில் பகுதிநேரமாக ஆராய்வோர்க்குப் பேருந்துச் செலவு, நூற்செலவு, பாடநெறிக் காலத்தில் இழக்கும் ஊதியத்தில் ஒரு பகுதி ஆகியவற்றை நிதி தருதல் வேண்டும்; தகுதித் தேர்வுக்குப் பயில்வோர்க்கும் அவ்வாறே. நான்காவது, பொருளாளர் கேட்ட கேள்வியை விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியாக அச்சிடுதல் வேண்டும். இந்தப் பட்டத்தை ஏற்பவர் யார்? இவ்வொரு வினாவுக்கு விடை எழுத முடியாத விண்ணப்பத்தில் இனி யாம் கையொப்பம் இடோம்.

இறுதியாக அப்பிள்ளையின் செய்தி. அவர் இழந்த 40,000 ரூபாயில் பாதியை எம் சம்பளத்தினின்று தருவதாகச் சொன்னோம். அவர் வாங்க மறுத்தார். "ஐயா, நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் நான் கட்டியிருப்பேன்" என்றார். அது எம்மை ஆற்றுதற்கு அவர் சொன்ன சொல் என்பதை யாம் அறிவோம். பன்முறை வற்புறுத்தியபின், தகுதித் தேர்வுக்குரிய நூல்களாக வாங்கித் தந்தால் ஏற்பதாக ஒப்பினார். இப்போது இரவுதோறும் பணி முடிந்து வந்து, இணையத்தில் பாடம் கேட்டுப் படித்து வருகின்றார். அவர் தந்தையார் அந்த அறுபது செண்டில் இவ்வாண்டும் நாற்று நட்டிருக்கின்றார். அப்பிள்ளை இன்று இவ்வவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் பெயரை யாம் சொல்லோம். சொல்லும் நாள் ஒன்று வரும். அன்று அப்பெயர்க்கு முன் நிற்கும் பட்டம் எந்தக் கல்லூரி வாயிலிலும் தலைநிமிர்ந்து செல்லும் பட்டமாக இருக்கும் என்று நம்புகின்றோம்.